மூலமும் படியும்: சிற்றுருவச் சிலைகள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

மறைந்த ஒருவரின் முகத்தைக் களிமண்ணில் சிற்றுருவமாக வனைபவர் எதனை மூலமாகக் கொள்கிறார்? இவ்வினாவிற்கு ஈப்போ மாநகரிலேயே ஒரு நல்ல தொடக்கம் கிடைக்கிறது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்து, 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பர்ச்சின் நினைவாக 1909இல் இங்கு மணிக்கூண்டு எழுப்பப்பட்டது. மனித நாகரிகத்தின் வளர்ச்சியைக் காட்டும் 44 உருவங்கள் அதில் தீட்டப்பட்டன. அவர்களுள் டார்வினுக்கு ஒளிப்படங்கள் உண்டு. நியூட்டனுக்கு அவர் வாழ்நாளிலேயே வரையப்பெற்ற ஓவியங்கள் உண்டு. புத்தருக்கோ, அவர் மறைந்து சில நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த சிற்ப மரபு மட்டுமே உண்டு. மூவரும் ஒரே வரிசையில் நிற்பினும், அம்முகங்களுக்குரிய சான்றுகள் ஒரு தரத்தன அல்ல.

தமிழில் 'படி' என்னும் சொல் சுவடியின் நகலையும் குறிக்கும், ஒப்புமையையும் குறிக்கும். சுவடிப் பதிப்பாசிரியர் படிகளை ஒப்பிட்டு மூலத்தை நாடுவது போலவே, உருவச் சிலைகளையும் நாம் ஆராய இயலும்.

தமிழ்ப்பள்ளிகளில் நாம் காணும் சிறிய வள்ளுவர் சிலைகளை எடுத்துக்கொள்வோம். ஓலையும் எழுத்தாணியும் ஏந்தி அமர்ந்திருப்பவை, ஓவியர் வேணுகோபால் சர்மா தீட்டி, 1964இல் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்ட ஓவியத்தின் வழிவந்தவை. நின்ற கோலத்தில் அமைந்தவை பல, கணபதி ஸ்தபதி வடித்து 2000ஆம் ஆண்டு குமரிமுனையில் திறக்கப்பட்ட 133 அடிச் சிலையைப் பின்பற்றுபவை. இரண்டும் சிறந்த கற்பனைகள். எனினும் வள்ளுவரின் முகத்திற்கு அவை சான்றாகா.

பாரதியாரின் நிலை வேறு. அவருடைய ஒளிப்படங்களாக ஐந்து அறியப்பட்டுள்ளன. சிலவற்றில் அவர் தாடியுடன் காட்சியளிக்கிறார். ஆயினும் சிலை செய்வோர் பெரும்பாலும் தாடியற்ற, முண்டாசும் முறுக்கு மீசையும் கொண்ட உருவத்தையே வனைகின்றனர். மூலம் இருந்தும், மக்கள் மனத்தில் பதிந்த ஓவியமே முந்திக்கொள்கிறது.

இனி, மணிக்கூண்டிலும் மேடைகளிலும் இடம்பெறாதவர்களைப் பார்ப்போம். பேராக்கின் இரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர்க்குச் சிலைகள் இல்லை. அவசரகாலம் தொடங்கிய 1948இல், பன்னிரண்டு வயது நிரம்பியோர் அனைவரும் ஒளிப்படத்துடன் கூடிய அடையாள அட்டை பெற வேண்டும் என்ற விதி மலாயாவில் வந்தது. கண்காணிப்பிற்காக எடுக்கப்பட்ட அச்சிறு படம், இன்று ஒரு பேரனுக்குத் தன் பாட்டனின் முகத்தைக் காட்டும் ஒரே சான்றாக இருக்கக்கூடும். தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் சிதறியபோது இத்தகைய படங்கள் எத்தனையோ தொலைந்தன.

அப்படத்திலிருந்து சிற்றுருவம் வனைய முடியுமா? ஓரளவு முடியும். நேர்முகப் படம் கண்களின் இடைவெளியையும் வாயின் அகலத்தையும் தரும். மூக்கு எவ்வளவு முன்னெழுகிறது, தாடை எவ்வளவு பின்வாங்குகிறது என்பதைத் தாராது. அவற்றிற்குப் பக்கவாட்டுப் படம் வேண்டும். அது கிட்டாதபோது உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரின் முகங்கள் துணைசெய்யும். ஆறில் ஒரு பங்கு அளவில் செய்யும் உருவத்தில் தலையின் உயரம் நான்கு சென்டிமீட்டர் அளவே இருக்கும். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிழை, மெய்யான முகத்தில் ஆறு மில்லிமீட்டர் பிழைக்கு நிகராகும். ஆகவே கண்ணளவை நம்பாது, கவராயம் கொண்டு அளத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாக மேற்கொள்ளலாம். மாணவர் தம் வீட்டுப் பழம்படம் ஒன்றைக் கொண்டு சிற்றுருவம் செய்யட்டும். அதன் பீடத்தின் அடியில் பெயர், தோட்டம், படம் எடுத்த ஆண்டு ஆகியவற்றோடு, எப்பகுதி படத்தைக் கண்டு செய்தது, எப்பகுதி ஊகம் என்பதையும் எழுதட்டும். பின்னாளில் அப்படம் தொலைந்துபோயினும், அச்சிலையைக் கையில் எடுப்பவர் அதில் எதனை நம்பலாம் என்பதை அறிவார்.