குழந்தை யாரிடம் இருக்கும்? கஸ்டடி மனு முதல் கதவில் ஒட்டும் சம்மன் வரை... தெரிந்துகொள்ள வேண்டியவை!

கணவன், மனைவி பிரிந்துவிட்டார்கள். குழந்தை ஒருவரிடம் இருக்கிறது, மற்றவர் பார்க்கக்கூட முடியவில்லை. "கோர்ட்டுக்குப் போனா நீதிபதி குழந்தையை வாங்கிக் கொடுத்திடுவார்" என்று நம்பி பலர் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். ஆனால், எதிர்த்தரப்புக்கு சம்மன் சேராமலேயே வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் ஓடிவிடுவது உண்டு. பல நேரங்களில் அதற்குக் காரணம் சட்டச் சிக்கல் அல்ல, மனுவில் எழுதிய கதவு எண்தான்!

எந்தச் சட்டம்? எந்த கோர்ட்?

குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரும் மனு, 1890-ம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியவர் சட்டத்தின் கீழ் தாக்கலாகிறது. விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி அதே வழக்கிலும் கேட்கலாம்.

1890 சட்டத்தின்படி, மனுதாரர் இருக்கும் ஊர் முக்கியமில்லை. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம்தான் கணக்கு. அப்பா பெரம்பூரில் இருந்தாலும், குழந்தை தாம்பரத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து அங்கேயே பள்ளிக்குப் போனால், வழக்கு செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குப் போய்விடும்.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்?

* குழந்தையின் பெயர், பிறந்த தேதி, மதம், வசிக்கும் முகவரி
* இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற விவரம்
* நெருங்கிய உறவினர்களின் பெயர், முகவரி
* இதற்கு முன் ஏதாவது கோர்ட்டில் மனு போடப்பட்டதா, அதன் முடிவு என்ன
* மனு போட வேண்டிய காரணம்

இணைப்பாக பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, ஆதார், பள்ளியின் போனஃபைட் சான்றிதழ், ஃபீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, வருமானச் சான்று போன்றவற்றை வைக்கலாம். வாட்ஸ்அப் சாட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணு ஆதாரங்களுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழும் தேவைப்படும்.

முன்பு போட்ட மனுவை மறைக்கக் கூடாது. எதிர்த்தரப்பு அதை வெளியே கொண்டுவந்தால், மனுதாரர் சொல்லும் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

சம்மனை யார் கொண்டுபோவார்?

மனு ஏற்கப்பட்டதும் பேட்டா கட்ட வேண்டும். அதன்பிறகு நீதிமன்ற ஊழியர், மக்கள் வழக்கில் 'அமீனா', சம்மனை எடுத்துச் செல்வார். பதிவுத் தபாலிலும் போகும். கோர்ட் அனுமதித்தால் மனுதாரர் தரப்பே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கோர்ட் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு, "ப்ளூ டிக் வந்துடுச்சு" என்று சொன்னால் எடுபடாது.

சென்னையில் பெரிய தலைவலி முகவரிதான். ஒரே வீட்டுக்கு பழைய எண், புதிய எண் என இரண்டு இருக்கும். ஒரே கதவு எண்ணில் நான்கு குடித்தனம் இருக்கும். 'புதிய எண் 14, பழைய எண் 6, முதல் மாடி, பின் போர்ஷன், மாரியம்மன் கோயில் எதிரில்' என்ற அளவுக்கு எழுதினால்தான் அமீனா அலையாமல் கதவைத் தட்ட முடியும். வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் சேர்ப்பது நல்லது.

வாங்க மாட்டேன்னு சொன்னா?

ஆள் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவதற்கான வாய்ப்பும் இல்லை என்றால், கூடவே வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். வீட்டு வேலை செய்பவரிடம் கொடுத்தால் செல்லாது.

வாங்க மறுத்தால், வாசல் கதவில் நகலை ஒட்டலாம். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்பதை அமீனா எழுதி கோர்ட்டில் தர வேண்டும். பதிவுத் தபாலை வாங்க மறுத்ததாக தபால்காரர் எழுதி அனுப்பினாலும், சம்மன் சேர்ந்ததாக கோர்ட் அறிவிக்க முடியும்.

வேண்டுமென்றே தலைமறைவாக இருக்கிறார் என்று நீதிபதிக்குத் தெரிந்தால், கடைசியாக வசித்த பகுதியில் வரும் நாளிதழில் விளம்பரம் செய்ய உத்தரவிடலாம். அதற்கும் வரவில்லை என்றால் 'எக்ஸ்பார்ட்டி', அதாவது ஒருதலைப்பட்சமாக வழக்கு நடக்கும்.

இங்கேதான் ஆபத்து. காலி செய்த பழைய வீட்டு முகவரியைக் கொடுத்தே ஒருவர் உத்தரவு வாங்கிவிட்டால், மற்றவருக்கு வழக்கு நடந்ததே தெரியாமல் போகலாம். அப்படி நடந்தால், விஷயம் தெரிந்த 30 நாட்களுக்குள் அந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம்.

பள்ளிக்கும் வங்கிக்கும் சம்மன்

குழந்தையின் ஃபீஸை யார் கட்டினார்கள், எத்தனை நாள் லீவு, கணவரின் உண்மையான சம்பளம் என்ன? இதற்கெல்லாம் ஆதாரம் எதிர்த்தரப்பிடமோ மூன்றாவது நபரிடமோ இருக்கும். அப்போது, ஆவணத்தைத் தாக்கல் செய்யும்படி பள்ளிக்கோ, வங்கிக்கோ, நிறுவனத்துக்கோ சம்மன் அனுப்ப கோர்ட்டைக் கேட்கலாம். 'எல்லா ரெக்கார்டும் வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், எந்த ஆவணம், எந்த ஆண்டு, எதற்காக என்று குறிப்பிடுவது அவசியம்.

இப்படி ஒரு சம்மன் வந்தால் பள்ளி அலுவலகம் பதற வேண்டியதில்லை. இது குற்றச்சாட்டு அல்ல. ஆவணம் மட்டும் கேட்கப்பட்டிருந்தால், நேரில் வராமல் வேறொருவர் மூலம் கொடுத்தனுப்பினாலே போதும். ஆவணத்தைக் கொண்டுவந்தார் என்பதற்காக மட்டும் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஆனால், காரணமின்றி அலட்சியம் செய்தால் வாரண்ட் வரை போகலாம்.

நீதிபதி எதைப் பார்ப்பார்?

5 வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். ஆனாலும், எந்த வயதாக இருந்தாலும் குழந்தையின் நலனே முதன்மை. விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று 1973-ல் ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சூழ்நிலை மாறினால் கஸ்டடி உத்தரவையும் மாற்றலாம்.

வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வார இறுதியில் சந்திக்க, வீடியோ காலில் பேச இடைக்கால மனு போடலாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம் அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

கையில் சம்மன் வந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அதில் உள்ள தேதியும் கோர்ட் எண்ணும்தான். வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டால் வழக்கு நிற்காது. குழந்தையைப் பற்றி உங்கள் தரப்பு சொல்ல வேண்டியது மட்டும் சொல்லப்படாமல் போய்விடும்.