பட்டி

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் எருமப்பட்டி வரும். பட்டி என்றால் தொழுவம்; பெயரே எருமை அடைந்த இடத்தைச் சொல்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் பட்டி என்று முடியும் ஊர்களுக்குக் கணக்கில்லை. எல்லாமே தொழுவத்தில் பிறந்தவை என்று சொல்லிவிட முடியாது. ஏரியைப் பராமரிக்க விட்ட நிலத்தையும் கல்வெட்டுகள் ஏரிப்பட்டி என்கின்றன. ஆனாலும் சொல்லின் வேர் ஆடுமாட்டோடுதான் கிடக்கிறது என்பது என் எண்ணம். நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆனதுபோலப் பட்டி அங்கே ஹட்டி; அதற்கும் தொழுவம், சிற்றூர் என்று இரு பொருள். நீலகிரிப் படுகர்கள் தங்கள் ஊரை அட்டி என்பதும் அதுவே.

தொழுவம் எப்படி ஊரானது? பட்டி போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். அறுப்பு முடிந்த காட்டில் படல்களைச் சுற்றி நிறுத்திக் கட்டினால் பட்டி. பகலெல்லாம் கரட்டிலும் புறம்போக்கிலும் மேய்ந்தவை இரவு அதற்குள் அடையும். சாணியும் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு. ஓரிரு நாளில் படலைப் பிடுங்கி அடுத்த துண்டில் நடுவார்கள். காடு முழுக்க எருப் பிடிக்கும்வரை பட்டி நகரும். எங்கே அடைப்பது என்பது மேய்ச்சல் கணக்கில் சரிபாதி. காவலுக்கு ஆள் பக்கத்திலேயே படுக்க வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையத்துச் சிறுவர்களின் அந்த இரவுகளைப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நெருங்கிநின்று காட்டுகிறது. தண்ணீர் கண்ட இடத்தில் பட்டி நிலைத்தால் காவலுக்கு ஒரு குடிசை. அதை ஒட்டி இன்னொன்று.

அடைக்கும் இடத்தைக் குறிக்கும் சொல்லே, அடங்காமல் பிறர் வெள்ளாமையில் வாய்வைக்கும் மாட்டையும் குறிக்கிறது: பட்டிமாடு. சென்னைப் பல்கலைக்கழக அகராதியில் இரண்டு பொருளும் உண்டு. பிடித்து ஊர்ப்பட்டியில் அடைக்க வேண்டிய மாடு என்பதால் வந்த பெயராக இருக்கலாம்; இது என் ஊகம். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் இந்த அடைப்பு அரசுக் காரியம். அப்படி அடைக்கும் இடத்துக்குத் தமிழில் வழங்கிய பெயர் தொண்டுப்பட்டி. பேச்சில் பவுண்டு.

கொங்கு நாட்டில் மாட்டுப்பொங்கலுக்குப் பட்டிப்பொங்கல் என்று பெயர். ஈழத்திலும் அதே பெயர்தான். 2023இல் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காகப் போராட உட்கார்ந்த மட்டக்களப்புப் பண்ணையாளர்களின் பொங்கலும் பட்டிப்பொங்கலே. கொங்கில் அன்று பட்டிக்குள் சிறு தெப்பக்குளம் கட்டி, ஆவாரம்பூ வைத்து, கன்றை மிதிக்க விடுவார்கள். படல் போய்ச் சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் வந்துவிட்ட வீடுகளில்கூட, அந்த ஒரு நாள் மாட்டுக்கொட்டகையைப் பட்டி என்றுதான் சொல்கிறார்கள்.