'இங்கே வா' என்றொரு புத்தகம்



மேலாளருக்கும் ஊழியருக்கும் இடையிலான தகவல்தொடர்பு இருவழிப் பாதையாக இருக்க வேண்டும் என்று நிர்வாகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தப் பாதை யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைபட்டிருந்தது? இதற்கு விடை தேட இலங்கை மலையகத்துக்குப் போவோம். தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் நம் சேரிகளின் பறையர், பள்ளர், சக்கிலியர். ஆகவே இது நம் வரலாறும்தான்.

19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஃபெர்குசன் என்பவர் ஒரு தமிழ்க் கையேடு வெளியிட்டார். புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமார் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கானது. அதன் பெயர் 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் எழுதிய இன்னொரு கையேட்டின் பெயர் 'கூலித் தமிழ்'. தொல்காப்பியம் கண்ட மொழிக்கு வெள்ளைக்காரன் சூட்டிய பட்டத்தைப் பாருங்கள்! வா, போ, எடு, வெட்டு என்ற ஏவல் வினைகளே துரைக்குப் போதுமாக இருந்தன. விடியுமுன் தப்பு முழங்கும், பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், அன்றைய வேலை சொல்லப்படும். தப்பை அடித்தவனும் நம்மவன்தான்.

திரும்பிப் பேச வேண்டுமென்றால் கங்காணி வழியாகத்தான் பேச வேண்டும். ஆள் கட்டி வந்தவன் அவன், முன்பணம் கொடுத்தவன் அவன், வேலைக்கு வந்த ஆள் கணக்குக்குத் தலைக்காசு வாங்கியவனும் அவனே. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதியில் மேலே இருந்தவர்கள். ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நின்றவன், கடல் கடந்தும் அதே சாதி வாய் வழியாகத்தான் துரையின் காதை எட்ட முடிந்தது. தன் கடன் கணக்கிலேயே குறை இருந்தால், அதை எந்தக் கங்காணி துரையிடம் கொண்டுபோவான்?

விலகிப்போவதும் எளிதல்ல. ஒரு மாத முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விடுவது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், சிறைக்கும் போகலாம். முறையாக வேறு தோட்டம் மாறவோ 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனை அடைத்தால் இத்தனை ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித்தரும் சீட்டு அது. துரைக்கும் துரைக்கும் நடுவே எழுத்தில் தொடர்பு சீராகவே நடந்திருக்கிறது. பேசப்பட்ட பொருள் நம் ஆட்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது.

பிறகு தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் பிராமணர்தான், அதற்காக அவர் செய்ததை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே ஆண்டில் முதலாளிகளுக்கும் சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச ஒப்பந்தம் கையெழுத்தானது. கங்காணியை விலக்கி, சங்கத்தின் வழியாக நிர்வாகத்துடன் பேசும் முறை அப்போதுதான் காகிதத்தில் ஏறியது.

கொழுந்து பறித்த பெண்களுக்கு அந்த மேசையில் இடமில்லை. அவர்களுடைய கூலியைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்கும் வழக்கம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது.