பழைய பேழையும் புதிய கருவியும்

புதிய கருவி ஒன்று தோன்றும்போது, பழைய கருவிக்கென ஆக்கப்பெற்றவை என்ன ஆகின்றன? இவ்வினாவுக்குக் கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றிலிருந்து விடை காண விழைகிறேன். விளையாட்டுத்தானே என்று மாணவ நண்பர்கள் இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. ஒரு தலைமுறையின் ஆக்கங்களை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது எங்ஙனம் என்பதே இதன் உட்பொருள்.

ஜப்பானில் கியோட்டோ நகரில், 1889ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலகமாகத் தோன்றியது நின்டெண்டோ. சரியாக நூறாண்டு கழித்து, 1989இல், அது ‘கேம் பாய்’ என்னும் கருவியை வெளியிட்டது. அதன் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் குன்பெய் யோகோய். நன்கு பழகி விலை மலிந்த உறுப்புகளைப் புது வகையில் பயன்படுத்துவதே அவர்தம் கொள்கை. ஆதலின் அக்கருவியின் திரையில் வண்ணம் இல்லை. நான்கு சாயல்களே இருந்தன. நான்கு சிறு மின்கலங்களால் அது பல மணி நேரம் இயங்கிற்று. விளையாட்டு ஒவ்வொன்றும் கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பேழையில் அடங்கியிருந்தது.

1998இல் ‘கேம் பாய் கலர்’ வந்தது. பழைய பேழைகள் வீணாயினவா? இல்லை. புதிய கருவியின் செயலி பழையதன் வழிவந்ததே. வேண்டியபோது இருமடங்கு விரைவில் ஓட வல்லது. பழைய பேழையைச் செருகினால் பழைய விரைவிலேயே ஓடும். அதுமட்டுமன்று, தொடக்கத்தில் சில பொத்தான்களை அழுத்தி, வண்ணமற்ற விளையாட்டுக்குப் 12 வண்ணத் தொகுதிகளுள் ஒன்றைச் சூட்டவும் இயன்றது. இவ்விரு கருவிகளும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கும் மேல் விற்றன.

2001இல் வந்த ‘கேம் பாய் அட்வான்ஸ்’ கருவியில் இடர் பெரிதாயிற்று. அதன் செயலி முற்றிலும் வேறு இனத்தது. பழைய மொழி அதற்குத் தெரியாது. பொறியாளர் யாது செய்தனர்? பழைய செயலியையும் உள்ளேயே வைத்துவிட்டனர்! பழைய பேழைக்கு 5 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும், புதியதற்கு 3.3 வோல்ட் போதும். இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவது எவ்வாறு? பேழையின் வடிவமே அதனை அறிவித்தது. பழைய பேழை நுழைகையில் உள்ளிருக்கும் சிறு விசை ஒன்றை அழுத்தும். புதிய பேழையின் ஓரம் வெட்டப்பட்டிருத்தலால் அது விசையைத் தீண்டாது. எனவே 1989இல் வாங்கிய பேழை 2001ஆம் ஆண்டுக் கருவியிலும் உயிர்பெற்றது. எத்துணை எளிய உபாயம்!

ஆயினும் இத்தகைய பரிவுக்கும் எல்லை உண்டு. பழையதைச் சுமப்பதற்கு இடமும் பணமும் வேண்டுமன்றோ? 2004இல் வெளிவந்த ‘நின்டெண்டோ டிஎஸ்’ அட்வான்ஸ் பேழைகளை ஏற்றது. அதற்கு முந்தைய பேழைகளைக் கைவிட்டது. அட்வான்ஸ் பேழையை ஏற்றபோதும், கருவிகளை வடத்தால் இணைத்துப் பலர் ஆடும் வசதி அதில் இல்லை. 2008இல் வந்த ‘டிஎஸ்ஐ’ அட்வான்ஸ் பேழைக்குரிய வாயிலையே நீக்கிவிட்டது. அடுத்து 2011இல் வந்த ‘3டிஎஸ்’ டிஎஸ் விளையாட்டுகளை ஏற்றது. அதனினும் பழையனவற்றுட் சிலவோ, பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள் வாயிலாக, இணையக் கடையில் மீண்டும் விற்கப்பட்டன. 2023 மார்ச்சு 27இல் அக்கடையின் விற்பனையும் முடிவுற்றது. 2025இல் வந்த ‘ஸ்விட்ச் 2’ தன் முன்னோனின் பேழைகளுள் பெரும்பாலானவற்றை ஏற்கிறது, அனைத்தையும் அன்று.

இவ்வரலாற்றில் மூன்று வழிகளைக் காண்கிறோம். பழைய செயலியையே வளர்த்தெடுப்பது ஒன்று; அதனைப் புதியதன் அருகே குடியமர்த்துவது மற்றொன்று; மென்பொருளால் அதனைப் போல நடிப்பது மூன்றாவது. முதலிரண்டில் வாங்கியவன் கையிலிருந்த பொருளே தொடர்ந்து பயன்பட்டது. மூன்றாவதில், விற்போர் தேர்ந்தெடுத்த சிலவே மீண்டன. மற்றவை பழைய பேழைகளோடு பெட்டிக்குள் கிடந்தன.

நூல் ஒன்றைப் படிக்கக் கண்ணும் ஒளியும் இருந்தால் போதும். கருவியால் மட்டுமே உணரத்தக்க ஆக்கமோ, அக்கருவி மறைந்தால் பேசாப் பொருளாகிவிடும். நாளை நீங்கள் பொறியாளராகப் புதியதொன்றைப் படைக்குங்கால், முன்னோர் ஆக்கியவற்றுக்கு அதில் ஒரு வாயில் வைக்க இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். வாயில் சிறிதாயினும், அதன் வழியே ஒரு தலைமுறையின் உழைப்பு முழுவதும் உள்ளே வரக்கூடும்.