மணியார்டர்

அஞ்சலகத்தில் செலுத்திய பணத்தை, பெறுபவரின் ஊர் அஞ்சலகம் அவர் வீட்டு வாசலிலேயே கொடுக்கும் முறை மணியார்டர். தமிழில் பணவிடை என்றும் சொல்வதுண்டு. இந்தியாவில் அஞ்சல்துறை இதை 1880-இல் தொடங்கியது. அதற்கு முன் இந்த வேலை அரசுக் கருவூலங்களிடம் இருந்தது. கருவூலம் இல்லாத ஊரில் வாழ்ந்தவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

சாதாரணத் தபாலில் பணம் வைத்து அனுப்புவது ஆபத்தாகவே இருந்தது. அதனால் 19-ஆம் நூற்றாண்டில் பலர் நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதி போய்ச் சேர்ந்த தகவல் வந்த பிறகே மறுபாதியை அனுப்பினார்கள். நோட்டின் இரு பாதியிலும் வரிசை எண் அச்சிட்டிருந்ததால் இது சாத்தியமாயிற்று. டென்மார்க் போன்ற நாடுகளில் தொகையை உறைமேல் எழுதி, அரக்கு முத்திரையிட்ட பணக்கடிதங்கள் வழங்கின. இந்தியாவிலும் நாணயமோ நோட்டோ அனுப்பினால் இன்ஷூர் செய்தாக வேண்டும் என்பது விதி. ஐந்து ரூபாய் அனுப்ப நினைக்கும் கூலித் தொழிலாளிக்கு அந்தச் செலவு கட்டாது. அவருக்குக் கைகொடுத்தது மணியார்டர்தான்.

பாரத்தின் அடியில் இருந்த சிறு கூப்பனில் நாலு வரி எழுதலாம். பல குடும்பங்களுக்குப் பணத்தோடு வந்த கடிதமும் அதுவே. எழுதத் தெரியாதவர் சாட்சி முன்னிலையில் கைநாட்டு வைத்துப் பணம் பெற்றார். பணம் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். இந்த முறையின் உயிர்நாடி இந்தச் சீட்டுதான் எனலாம். பர்மா 1937 வரை இந்தியாவோடு இருந்ததால், ரங்கூனில் உழைத்த தமிழர் அனுப்பிய பணமும் உள்நாட்டு மணியார்டராகவே ஊருக்கு வந்தது.

1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், அனுப்பியவர் மணியார்டரைத் திரும்பப் பெறவும் பெறுபவரின் பெயரை மாற்றவும் இடம் தந்தது. ஆனால் பெறுபவரைக் கண்டுபிடிக்க முடியாமல், ஓராண்டுக்குள் இருவரில் ஒருவரும் உரிமை கோராவிட்டால், பிறகு அரசிடம் அந்தத் தொகையைக் கேட்க முடியாது. முகவரி மாறிக்கொண்டே இருக்கும் ஏழைகளுக்கு இது கடுமையான விதி. கட்டணமும் இலேசானதல்ல: பிற்காலத்தில் ஒவ்வொரு 20 ரூபாய்க்கும் ஒரு ரூபாய் கமிஷன். உச்சவரம்பு 5,000 ரூபாய்.

சிறு தொகைக்கு இன்னொரு வழி போஸ்டல் ஆர்டர். வேலைக்கு விண்ணப்பித்த தலைமுறைகள் நன்கறிந்த இச்சீட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு அலுவலகங்களுக்கு அனுப்பும் மனுவின் 10 ரூபாய்க் கட்டணத்துக்கும் பயன்பட்டது.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகையும் நெடுங்காலம் மணியார்டரில்தான் வந்தது. 2008-இல் மின்னணு மணியார்டர் அறிமுகமானது. பழைய காகித முறை 2015-இல் நிறுத்தப்பட்டது. 1898 சட்டத்தின் இடத்தில், 2024 ஜூன் மாதம் முதல் 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் நடைமுறையில் உள்ளது.