தேதி தள்ளிக்கொண்டே போன விளையாட்டு உலகம்: ஒசாகாவில் ஒரு பூங்கா எழுந்த வரலாறு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் நமக்கு இந்தப் பழமொழியில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: கட்டி முடிப்பார்கள் என்று காத்திருந்தும் பார்க்க வேண்டும். விளம்பரத்தாளில் அச்சான அழகான படம், சாவி தருவதாகச் சொன்ன மாதம், அந்த மாதம் கடந்த பிறகும் நிற்கும் சாரம் ஆகியவற்றைப் பார்க்காத வீட்டுக்காரர் நம்மில் குறைவு.

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டதும் அப்படி ஒரு காத்திருப்பின் கதைதான். நம் வளாகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் மரியோவைத் தெரியும். சிவப்புத் தொப்பியும் மீசையும் வைத்த அந்தக் குழாய் பழுதுபார்க்கும் ஆளுக்கு ஜப்பானின் ஒசாகா நகரில் ஒரு நிஜ உலகம் கட்டினார்கள். அறிவிப்பிலிருந்து கதவு திறக்கும் வரை ஏறக்குறைய ஆறு வருடங்கள் ஆயின. அதற்குள் என்னென்ன நடந்தது என்று பார்ப்போம்.

நீதிமன்றத்தில் தொடங்கிய உறவு

நிண்டெண்டோ 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் தொடங்கிய கம்பெனி. அப்போது அவர்கள் தயாரித்தது பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுக்கட்டு. 1981இல் அவர்கள் வெளியிட்ட 'டாங்கி காங்' என்ற விளையாட்டில் ஒரு பெரிய குரங்கு, அது தூக்கிப்போன பெண், அவளை மீட்கப் பீப்பாய்களைத் தாண்டி ஏறும் ஒரு சின்ன மனிதன் ஆகிய மூவரும் இருந்தார்கள். அந்த மனிதன்தான் பின்னாளில் மரியோ ஆனான். உருவாக்கியவர் ஷிகெரு மியாமோட்டோ.

விளையாட்டு அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. 1982இல் யுனிவர்சல் சினிமா நிறுவனம், "இது எங்கள் கிங் காங் கதையின் நகல்" என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டது. நிண்டெண்டோவின் வழக்கறிஞர் ஜான் கிர்பி பழைய ஆவணங்களைத் தோண்டினார். சில வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்துடன் நடந்த வழக்கில், கிங் காங் கதை பொதுச்சொத்து, யாரும் எடுத்தாளலாம் என்று வாதாடியதே யுனிவர்சல்தான்! 1983இல் தீர்ப்பு நிண்டெண்டோவுக்குச் சாதகமாக வந்தது. அடுத்த வருடம் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

அந்த இரண்டு பேர்தான் 32 வருடம் கழித்துக் கூட்டுச் சேர்ந்து பூங்கா கட்டினார்கள்.

முன்பே முயன்றவர்கள்

வீடியோ கேமை வைத்துப் பொழுதுபோக்குக் கூடம் கட்டியதில் நிண்டெண்டோ முதல் ஆள் இல்லை. அவர்களுடைய போட்டியாளரான சேகா, 1994இல் யோகோஹாமாவில் 'ஜாய்போலிஸ்' என்ற கூடத்தைத் திறந்தது. 1996இல் லண்டன் பிக்கடில்லி சர்க்கஸ் அருகே ஒன்று, 1997இல் சிட்னியில் ஒன்று. லண்டன் கூடம் 1999இல் சேகா பெயரை இழந்தது; சிட்னி கூடம் 2000இல் மூடப்பட்டது.

இவையெல்லாம் கூரைக்குக் கீழே வரிசையாக விளையாட்டு இயந்திரங்களையும் சில ராட்டினங்களையும் வைத்த இடங்கள். வீட்டிலிருக்கும் டிவியிலேயே நல்ல விளையாட்டு வந்துவிட்ட காலத்தில், அதே திரையைப் பார்க்கக் காசு கொடுத்து வெளியே போக எத்தனை பேர் தயார்? விளையாடும் திரையைக் கொண்டுபோய் வைத்தால் போதாது, விளையாட்டுக்குள் இருக்கும் ஊரையே கட்ட வேண்டும் என்பது பிற்பாடு வந்த யோசனை.

இரண்டு கம்பெனிகளின் தேவை

2001 மார்ச் 31 அன்று திறந்த யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஜப்பான், முதல் வருடத்தில் 1 கோடிக்கும் மேற்பட்டவர்களை ஈர்த்தது. பிறகு கூட்டம் சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவற்றில் முக்கியமானது 2014 ஜூலையில் திறந்த ஹாரி பாட்டர் பகுதி. அதற்கான செலவு 4,500 கோடி யென். ஒரு கதையின் ஊரை அப்படியே கட்டினால் மக்கள் விமானம் ஏறி வருவார்கள் என்று நிரூபணம் ஆனது.

நிண்டெண்டோவுக்கோ நெருக்கடி. 'வீ யூ' என்ற சாதனம் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் நடைமுறை நஷ்டம். தலைவர் சடோரு இவாடா, நம் கதாபாத்திரங்களை விளையாட்டுப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று முடிவெடுத்தார். 2015 மே மாதம் யுனிவர்சலுடன் கூட்டணி அறிவிக்கப்பட்டது. அடுத்த இரண்டு மாதத்தில், ஜூலை 11 அன்று, இவாடா நோயால் காலமானார். வயது 55. அவர் எடுத்த முடிவு கட்டடமாக எழுவதை அவர் பார்க்கவில்லை.

பூமி பூஜைக்குப் பின்

2016 டிசம்பரில் ஒசாகா பகுதிக்குப் பெயர் சூட்டினார்கள்: சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்ட். செலவு 5,000 கோடி யென்னுக்கு மேல் என்றார்கள். முடியும்போது அது 6,000 கோடியைத் தாண்டியிருந்தது. 2020 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் திறப்போம் என்பது வாக்குறுதி. 2017 ஜூன் 8 அன்று, மியாமோட்டோ முன்னிலையில் மரியோவும் லூயிஜியும் வந்து நிற்க, கட்டுமானத் தொடக்க விழா நடந்தது.

அதன்பின் நிறுவனத்திடமிருந்து வந்த தகவல்கள் மிகக் கொஞ்சம். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? பூங்காவைச் சுற்றியிருக்கும் ஓட்டல்களின் மேல்மாடிகளிலிருந்து படம் எடுத்தார்கள். இந்த மாதம் இரும்புச் சட்டம், அடுத்த மாதம் சிமென்ட் மலை, அதற்கடுத்து பச்சை வர்ணம் என்று பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கோபுரம் தெரிந்தால் இளவரசி பீச்சின் கோட்டை, கறுப்புப் பாறை தெரிந்தால் வில்லன் பவுசரின் கோட்டை என்று ஊகித்தார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைட்டுக்குப் போய்த் தளம் எண்ணியது போலத்தான். பணம் கட்டியவருக்கும் ஆசை வைத்தவருக்கும் கண் ஒரே மாதிரி வேலை செய்கிறது.

கட்டி முடித்தும் திறக்காத கதவு

2020 ஜனவரியில் விளம்பரப் பாடல் வெளியானது. கோடையில் திறப்பு என்றார்கள். பிப்ரவரி இறுதியில் கொரோனாவால் பூங்கா முழுவதும் மூடப்பட்டது. ஜூன் மாதம் பூங்கா மீண்டும் திறந்தது. புதிய பகுதி மட்டும் திறக்கவில்லை. ஒலிம்பிக்கே ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தது.

அக்டோபர் 16 அன்று, புதிய பகுதிக்கு வெளியே ஒரு மரியோ காபிக் கடையும் பொருட்கள் விற்கும் கடையும் மட்டும் திறந்தன. டிசம்பரில் மியாமோட்டோவே உள்ளே நடந்து சுற்றிக் காட்டும் காணொளி வந்தது. 2021 பிப்ரவரி 4 திறப்பு நாள் என்று நிச்சயித்தார்கள். ஜனவரியில் ஒசாகாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதால் அதுவும் தள்ளிப்போனது. கடைசியில் 2021 மார்ச் 18 அன்று கதவு திறந்தது. ஐந்தே வாரத்தில், ஏப்ரல் 25 முதல், மறுபடியும் மூடல். ஜூன் 1இல் மீண்டும் திறப்பு.

ஒன்றைக் கவனியுங்கள். கட்டுமானத்தால் வந்த தாமதம் அல்ல இது. கட்டடம் நின்றது, வர்ணம் காய்ந்தது, இயந்திரம் ஓடியது. ஆனாலும் ஆட்களை உள்ளே விட முடியாத நிலை. கட்டி முடிப்பது வேறு, திறப்பது வேறு. லிப்ட் சான்றிதழுக்கும் தீயணைப்புத் துறை அனுமதிக்கும் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

பச்சைக் குழாய் வழியாக நுழைந்தால் நான்கு பக்கமும் மலையும் கோட்டையும். வெளியே இருக்கும் நகரம் கண்ணில் படாதபடி உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு கேள்விக்குறிப் பெட்டியைக் குத்தினால், கைபேசியில் நம் கணக்கில் நாணயம் சேரும். முக்கிய ஈர்ப்பு மரியோ கார்ட் சவாரி. நான்கு பேர் உட்காரும் வண்டி. தலையில் மாட்டும் கண்ணாடிவழியே எதிரிகள் தெரிவார்கள். ஆமையோடு எறிந்து வீழ்த்த வேண்டும். வண்டி உண்மையில் மெதுவாகத்தான் போகிறது. வேகம் கண்ணுக்குக் காட்டப்படுகிறது. அதனால் தாத்தாவும் பேத்தியும் ஒரே வண்டியில் ஏறலாம். வீட்டில் தனித்தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இங்கே சேர்ந்து விளையாடுகிறார்கள். சேகா கூடங்களிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான்.

கூட்டத்தைச் சமாளிக்க, பூங்கா டிக்கெட் இருந்தாலும் இந்தப் பகுதிக்குள் போக நெரிசல் நாட்களில் தனி நேரச்சீட்டு வேண்டும்.

தொடரும் காத்திருப்பு

2021 செப்டம்பரில் டாங்கி காங் பகுதியை அறிவித்தார்கள்; இடம் சுமார் 70 சதவீதம் கூடும் என்றார்கள். 2024 வசந்தகாலம் என்று சொன்னது டிசம்பர் 11, 2024 ஆனது. அங்குள்ள சுரங்க வண்டி, உடைந்த தண்டவாளத்தைத் தாண்டிக் குதிப்பது போல் தோன்றும். வண்டியைத் தாங்கும் கை, கீழே மறைவாக இருக்கும் உண்மையான தண்டவாளத்தில் ஓடுவதுதான் ரகசியம். 1982இல் வழக்குக்குக் காரணமான அதே குரங்குக்கு யுனிவர்சலே காடு வளர்த்துக் கொடுத்திருக்கிறது!

அமெரிக்காவில் ஹாலிவுட் கிளை 2023 பிப்ரவரி 17 அன்று திறந்தது. ஆர்லாண்டோவில் 2019இல் அறிவித்த எபிக் யுனிவர்ஸ் பூங்கா வேலை 2020இல் நின்று, 2021 மார்ச்சில் மீண்டும் தொடங்கி, 2025 மே 22 அன்று திறந்தது. அதற்குள்ளும் ஒரு நிண்டெண்டோ உலகம் உண்டு.

நமக்குப் பக்கத்தில் இருப்பது சிங்கப்பூர். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் அந்த ஊரில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். செந்தோசாத் தீவில் மினியன் பகுதியும் நிண்டெண்டோ பகுதியும் வரும் என்று 2019 ஏப்ரலில் அறிவித்தார்கள். மொத்த விரிவாக்கத்துக்கு அப்போது சொன்ன செலவு 450 கோடி வெள்ளி. பின்னர் அது 680 கோடி ஆனது. மினியன் லேண்ட் 2025 பிப்ரவரி 14 அன்று திறந்தது. அப்போதும் நிண்டெண்டோ பகுதி கட்டுமானத்தில்தான் இருந்தது. பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் போடும் முன், திறந்துவிட்டதா என்று ஒருமுறை விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

நமக்கு என்ன?

தாமதம் ஆனதற்காக ஒசாகாவில் யாரும் வீடிழக்கவில்லை. அது பொழுதுபோக்கு. ஆனாலும் ஐந்து வயதில் அறிவிப்பைக் கேட்ட குழந்தைக்குத் திறக்கும்போது வயது பதினொன்று. பெரியவர்களுக்கு ஒரு வருடத் தாமதம் ஒரு எண். பிள்ளைகளுக்கு அது சறுக்குமரம் விளையாடும் வயதில் ஒரு பங்கு.

அடுத்த பொதுக்குழுவில் நம் குழந்தைகள் விளையாட்டுப் பகுதியைப் புதுப்பிக்கும் யோசனை விவாதத்துக்கு வருகிறது. மரியோ கோட்டை எல்லாம் நம் பட்ஜெட்டில் வராது. ஒரு சறுக்கும் இரண்டு ஊஞ்சலும் மெத்தென்ற தரையும் போதும். ஆனால் ஒசாகா கதையிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். வேலை முடியும் தேதியையும் திறக்கும் தேதியையும் தனித்தனியாகச் சொல்வோம். மாதம் ஒரு படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்து ஊகிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கு வைக்க வேண்டாம். தேதி தள்ளிப்போனால், ஏன் என்று அவர்களிடமும் சொல்வோம். சந்தா கட்டுவது பெரியவர்கள் என்றாலும், காத்திருக்கப்போவது அவர்கள்தான்.

ஒசாகாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்வந்த குடும்பங்கள் தங்கள் அனுபவத்தை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்பலாம். பிள்ளைகள் வரைந்த விளையாட்டுப் பகுதிப் படங்களுக்கும் இடம் உண்டு.