காடும் காவலும்: மைசூர்ப் புல்வெளிகளும் வனம் என்னும் சொல்லின் வரையறையும்

1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் வழங்கிய ஓர் ஆணை, வனச் சட்டத்தின் பெருஞ்சிக்கல் ஒன்றைச் சொல்லாராய்ச்சியாளரின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியது எனலாம். மைசூரிலிருந்து பந்திப்பூர், முதுமலை வழியாக உதகைக்குச் செல்லும் சாலையில் உள்ளது கூடலூர். அப்பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு அது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் ‘வனம்’ என்னும் சொல்லுக்கு வரையறை தரவில்லை. ஆகவே அச்சொல்லை அகராதிப் பொருளில் கொள்ளவேண்டும் என்றும், அரசு ஆவணங்களில் வனமெனப் பதிவான நிலம் யாருடைய உடைமையாயினும் சட்டத்தின் எல்லைக்குள் அடங்கும் என்றும் நீதிமன்றம் கூறியது. எந்த அகராதி, எம்மொழி அகராதி என்பது சுட்டப்படவில்லை.

இவ்விடைவெளி சிறியதன்று. ஆங்கில ‘ஃபாரஸ்ட்’ என்பது ‘வெளியே உள்ளது’ என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. வேட்டைக்கென அரசன் ஒதுக்கிய நிலமே அதன் பழம்பொருள். மரமற்ற டார்ட்மூர் மேட்டுநிலமும் அப்பெயரால் வழங்கியது. ‘ஜங்கிள்’ என்பதன் மூலமாகிய வடசொல் ‘ஜாங்கலம்’ ஆயுர்வேத நூல்களில் நீர்வளம் குன்றிய திறந்த நிலத்தைக் குறித்தது. அடர்ந்த காடு என்னும் பொருள் பிற்காலத்தது. தமிழின் ‘காடு’ இன்னும் விரிவுடையது. கொங்கு நாட்டில் ஒருவர் காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் அவர் தம் புன்செய் நிலத்திற்குச் சென்றுள்ளார் என்றே பொருள். சோளக்காடு, கடலைக்காடு ஆகியன பயிர்நிலங்கள். சுடுகாடு ஊர்ப்புறத்து வெளி. கன்னடத்திலும் ‘காடு’ என்னும் சொல்லே உண்டு. மரமடர்ந்த இடத்தை விட்டு விலகி உலர்ந்த புல்வெளியில் வாழும் பறவைக்குத் தமிழர் இட்ட பெயர் கானமயில் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. கானம் என்றால் காடு. ஆயர் ஆநிரை மேய்க்கும் முல்லையும் தமிழ் மரபில் காடே. மரத்தை எண்ணிக் காட்டை வரையறுக்கும் வழக்கம் இச்சொற்களில் காணப்படவில்லை.

சட்டத்தின் போக்கு வேறு. 1865ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மரமும் புதரும் அடர்ந்த நிலத்தைப் பற்றிப் பேசியது. 1878, 1927ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரையறையைக் கைவிட்டு, அரசு அறிவித்ததே வனம் என்னும் நடைமுறையைப் பின்பற்றின. மைசூரில் 1864இல் வனத்துறை தோன்றியது. 1900ஆம் ஆண்டின் மைசூர் வன ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் ‘அரசு வனங்கள்’ ஒதுக்கப்பட்டன.

ஆனால் மைசூரில் அதற்கு முன்பே ஒதுக்கப்பட்ட நிலங்கள் இருந்தன. அவற்றின் பெயர் ‘காவல்’. தமிழர்க்கு விளக்கம் வேண்டாத சொல் இது. சிக்க தேவராச உடையார் காலத்தில் (1673–1704) அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் அளித்த ‘பெண்ணெ சாவடி’யின் மாடுகளுக்கென மேய்ச்சல் நிலங்கள் காவலாக ஒதுக்கப்பட்டன. திப்பு சுல்தான் அத்துறைக்கு ‘அமிர்த மகால்’ எனப் பெயரிட்டார். ஹள்ளிகார் இனத்தின் வழிவந்த இம்மாடுகள் பீரங்கி வண்டிகளை இழுப்பதில் பெயர்பெற்றவை. ஐதர் அலியின் படை சிதம்பரத்தின் உதவிக்கு இரண்டரை நாளில் 100 மைல் கடந்தது இவற்றால்தான் என்று மைசூர் கெசட்டியர் குறிப்பிடுகிறது. 1799க்குப் பின் ஆங்கிலேயர் இத்துறையை ஏற்று நடத்தினர். 1860இல் செலவைக் குறைக்க மந்தையை விற்றனர். இழப்பை உணர்ந்து 1866இல் மீண்டும் தொடங்கினர்.

இக்காவல்களின் ஆட்சிமுறை நுட்பமானது. கோடைக் காவல், மழைக்காலக் காவல், குளிர்காலக் காவல் என அவை பகுக்கப்பட்டிருந்தன. புல்லும் நீரும் எப்பருவத்தில் எங்குக் கிடைக்கும் என்பதே பகுப்பின் அடிப்படை. மந்தை இடம் பெயரப் புல் மீண்டும் தழைக்கும். ஒரு நிலத்தை அதன் பருவத்தால் வரையறுத்த இம்முறைக்கு இன்றைய வனக் கணக்கெடுப்பில் இணையான ஒன்று இல்லை.

விடுதலைக்குப் பின் காவல்களில் பெரும்பகுதி வேளாண்மைக்கும் பிற தேவைகளுக்கும் பிரித்தளிக்கப்பட்டது. எஞ்சிய புல்வெளிகள் ‘வெற்றுநிலம்’ என்ற கண்ணோட்டத்தில் பார்க்கப்பட்டன. அங்கு மரம் நடுவது வளர்ச்சிப் பணியாயிற்று. நட்ட மரமும் மைசூரின் பெயர் தாங்கியதே. நந்தி மலையில் திப்பு காலத்தில் பயிரிடப்பட்ட ஆஸ்திரேலியத் தைலமரங்களின் வழிவந்த வகை ‘மைசூர் கம்’ என நாடெங்கும் பரவியது. கானமயிலுக்கும் வெளிமானுக்கும் உரியதாக 1974இல் அறிவிக்கப்பட்ட ராணிபென்னூர்ச் சரணாலயத்திலும் தைலமரத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. 1983இல் தும்கூர் மாவட்ட நாற்றங்கால்களில் கர்நாடக விவசாயிகள் சங்கத்தினர் தைலமரக் கன்றுகளைப் பிடுங்கியெறிந்து, புளி, மா விதைகளை ஊன்றினர். புதிதாகத் தைலமரம் நடுவதற்கு மாநில அரசு தடைவிதித்தது 2017இல்தான்.

இதற்கிடையே வரையறை விண்ணுக்குச் சென்றது. 1987 முதல் வெளிவரும் இந்திய வன அளவைத் துறையின் அறிக்கைகள், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரவிதானம் 10 விழுக்காட்டை எட்டினால் அதனை வனப்பரப்பு என்கின்றன. நில உடைமையும், மர இனமும், சட்டநிலையும் கணக்கில் இல்லை. இவ்வளவையில் குடகின் காப்பித் தோட்டம் வனப்பரப்பு. தைலமரத் தோப்பும் அதுவே. 2023ஆம் ஆண்டறிக்கை தரும் 7,15,343 சதுர கிலோமீட்டரில் இவையெல்லாம் அடக்கம். காவல் மட்டும் அடங்காது. அடங்கவேண்டுமாயின் அது காவலாக இருப்பதை விட்டுவிட வேண்டும். தரங்குன்றிய நிலங்களை மீட்பதாக 2015இல் உறுதியளித்து, 2019இல் அதனை 2.6 கோடி ஹெக்டேராக உயர்த்திய நாட்டில், இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மரமின்மையே நிலத்தின் தரக்குறைவு எனக் கொள்ளும் மீட்பு, புல்வெளியை அழித்துவிட்டு அதனை வெற்றியாகப் பதிவுசெய்யும்.

விந்தை என்னவெனில், விண்கலம் காணாத காவலைச் சட்டம் கண்டிருந்தது. 1969ஆம் ஆண்டின் கர்நாடக வன விதிகளில் அமிர்த மகால் காவல்கள் ‘மாவட்ட வனம்’ என்னும் வகையில் அடங்கின. சித்திரதுர்க்கா மாவட்டத்தின் சள்ளகெரெக் காவல் நிலங்கள் பாதுகாப்பு, அணு, விண்வெளி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, இவ்வகைப்பாட்டைச் சுட்டிய எதிர்ப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. நிறுவனங்கள் அங்கு அமைந்துவிட்டன என்பது வேறு. 1996ஆம் ஆண்டு ஆணையில் பலரும் போற்றுவது அகராதி பற்றிய பகுதியை. காவலுக்குப் பயன்படுவதோ ஆவணம் பற்றிய பகுதி. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் எல்லையை அறிவிக்கப்பட்ட வனங்களுக்கும், 1980 அக்டோபர் 25 முதல் அரசு ஆவணங்களில் வனமெனப் பதிவான நிலங்களுக்கும் சுருக்கியது. 2024 பிப்ரவரி 19ஆம் நாளின் இடைக்கால ஆணையில் உச்சநீதிமன்றம் பழைய அகராதிப் பொருளையே தொடருமாறு பணித்தது. இந்நிலையில் கிராமக் கணக்கேட்டில் ‘காவல்’ என்னும் ஒரு சொல் எந்தப் பத்தியில் எழுதப்பட்டுள்ளது என்பது, அந்நிலத்தின் வாழ்வை முடிவுசெய்யும் செய்தியாகிறது.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாப் புல்வெளியைப் பாதுகாப்புக் காப்பகமாக்க 2024 அக்டோபரில் மாநில வனவிலங்கு வாரியம் இசைவளித்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமையும் இவ்வகைக் காப்பகத்திற்கு நிலம் வனமாக இருக்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஆதலின் முன்மொழியப்பட்ட பெயரிலேயே ‘புல்வெளி’ என்னும் சொல் இடம்பெற முடிந்தது.